தபால் உத்தியோகமும் ஸ்போர்ட்ஸ் பைக்கும்

கிராமத் தபால் ஊழியர் பதவிக்கு எழுத்துத் தேர்வு கிடையாது. பத்தாம் வகுப்பிற் பெற்ற மதிப்பெண்ணே அளவுகோல். வயது பதினெட்டு நிரம்பியிருந்தாற் போதும். ஆகலின், பட்டப்படிப்பின் நடுவில் நிற்கும் எம்மனோர் கையிலும் நியமன உத்தரவு திடீரென வந்து விழுதல் உண்டு. அங்ஙனம் உத்தரவு பெற்ற நண்பர் செய்ய விழையும் முதற் காரியம் யாதெனின், ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்றைத் தவணைக்கு எடுத்தலே. இவ்வாசையை நகையாடுதல் எம் கருத்தன்று. உத்தியோகத்தை அறிந்து அதற்கேற்ற ஊர்தியைத் தேர்ந்து கொள்ளுதல் வேண்டும் என்பதே யாம் கூறப்புகுவது.

முதற்கண் உத்தியோகத்தை நோக்குவோம். இந்தியாவிலுள்ள 1,60,000க்கு மேற்பட்ட தபால் நிலையங்களுட் பெரும்பாலன கிராமத்துக் கிளை நிலையங்களே. அவற்றைத் தாங்கி நிற்போர் இவ்வூழியர். வேலை நாளொன்றுக்கு நான்கு அல்லது ஐந்து மணி நேரம். 2018 ஜூலையில் ஏற்பட்ட விகிதப்படி கிளைப் போஸ்ட்மாஸ்டருக்கு மாதம் ரூ. 12,000மும், ஏனையோருக்கு ரூ. 10,000மும் தொடக்கத் தொகை, அகவிலைப்படி வேறு. இவர்கள் வகிப்பது அரசின் சிவில் பதவியே என்று உச்ச நீதிமன்றம் 1977ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. எனினும் இலாகாவின் நிரந்தர ஊழியர் வரிசையில் இவர்க்கு இடமில்லை. பிழைப்புக்கு வேறு வருவாயும் இருத்தல் வேண்டும் என்று விதியே கூறுகின்றது. அரைவயிற்றுக்கு அளந்துவிட்டு மீதியை நீயே தேடிக்கொள் என்பது போன்ற இவ்விதியை யாம் ஒருபோதும் மெச்சோம்.

ஆயினும், எஞ்சிய அப்பொழுதே ஒருவன் தன் வாழ்வைக் கட்டும் பொழுதாகும். இலாகாத் தேர்வுகளின் வழியே தபால்காரராகவும், தபால் உதவியாளராகவும், பின்னர் இன்ஸ்பெக்டராகவும் உயர இடமுண்டு. ஏழாவது ஊதியக் குழுவின் விகிதத்தில் தபால்காரருக்குத் தொடக்க ஊதியம் ரூ. 21,700; உதவியாளருக்கு ரூ. 25,500. விட்ட பட்டப்படிப்பை அஞ்சல் வழியில் முடித்துக்கொள்ளவும் அப்பிற்பகலே உதவும். பெரிய தவணையைத் தலைமேல் ஏற்றிக் கொண்டவனோ, அதனை அடைப்பதற்காகப் பிற்பகல் முழுதும் வேறு கூலி தேடி அலைகின்றான். தேர்வுப் புத்தகம் உறையோடு கிடக்கின்றது. வண்டியின் உண்மையான விலை இதுவே.

இனி ஊர்தி. இப்பதவிக்குச் சைக்கிள் ஓட்டத் தெரிந்திருத்தல் வேண்டும் என்பது விதி; மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியினும் அதனையே சைக்கிளறிவாகக் கொள்வர். திருவிதாங்கூர் அஞ்சல் 1951இல் இந்தியத் தபாலோடு இணையும் வரையில், மணி கட்டிய கோலுடன் ஓடிய அஞ்சலோட்டக்காரனை எம் பாட்டனார் தலைமுறையினர் கண்டிருந்தனர். காலால் ஓடியவன் வழியில் இன்று நாம் சக்கரத்தால் ஓடுகின்றோம். முதுகு மட்டும் அன்றுபோல் ஒன்றே.

முதுகின் நலம் மூன்று இடங்களைப் பொறுத்தது: கைப்பிடி, இருக்கை, காலை ஊன்றும் இடம். கைப்பிடி தாழ்ந்து, கால் பின்வாங்கி, இடை முன்னே வளைந்தால் விரைவில் காற்றைக் கிழிக்கலாம். ஆனால் மெல்லச் செல்லுங்கால் உடற்பாரம் மணிக்கட்டில் இறங்கும். ராயல் என்ஃபீல்டு 2018இல் வெளியிட்ட இன்டர்செப்டர், கான்டினென்டல் ஜி.டி. என்னும் இரண்டிற்கும் எஞ்சின் ஒன்றே, 648 சி.சி. முன்னதில் நிமிர்ந்து அமரலாம்; பின்னதில் குனிதல் வேண்டும். அவ்விரண்டும் நம் பைக்கு எட்டா. ஆயினும் சுகம் எஞ்சினில் இல்லை, அமரும் முறையில் உள்ளது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று எமக்குக் கிட்டவில்லை.

ஸ்போர்ட்ஸ் வகை முழுதும் வீண் என்னும் பெரியோர் கூற்றையும் யாம் ஏற்கிலோம். மழைநாளில் ஆடு குறுக்கே பாயும் சாலையில் நல்ல பிரேக் வேண்டாமா? 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்குச் சக்கரம் பூட்டிக்கொள்ளாமற் காக்கும் ஏ.பி.எஸ். 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாயிற்று. ஆகவே 160 சி.சி. அளவில், கைப்பிடி உயர்ந்து, இருக்கை ஒரே தட்டாக நீண்ட ஸ்போர்ட்ஸ் வண்டி நம் வேலைக்குப் பொருந்தும். முன்னே கவசம் போர்த்த பந்தய வடிவங்களுட் பல, குறுந்தெருவில் எளிதில் திரும்பா. பின்னிருக்கையோ தபால் பையைக் கட்டுவதற்கும் இடந்தராது.

உத்தரவு வந்த வாரமே கடைக்கு ஓடாது, வேலை எவ்வூரில் என்பது தெளிந்து, அவ்வூர்ப் பாதையில் ஒரு மழைக்காலம் பழைய வண்டியில் சென்று பார்ப்பீராக. பின்னர்க் கடையிற் புகுந்து, தபால் பையின் எடைக்கு ஒரு மூட்டையைப் பின்னே கட்டி, அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். விற்பவர் முகஞ் சுளிப்பார், சுளிக்கட்டும்.