வாத்தியார் நேரத்துக்கு என்ன விலை?

இந்தியாவின் முதல் சமுதாயக் கல்லூரி எங்க ஊர்ல தான் இருக்கு, தெரியுமா மக்களே? 1995-ல் புதுவைப் பல்கலைக்கழகம் ஆரம்பிச்சது, லாஸ்பேட்டையில் இருக்கு. மெட்ராஸ்ல 1996-ல தான் வந்தது :-)

சமுதாயக் கல்லூரின்னா, வேலைக்கு உதவுற தொழிலைக் கத்துக்கொடுக்கிற இடம். தொழில் மாற மாற வாத்தியாரும் புதுசா கத்துக்கணும். எப்போ கத்துக்கறது? அங்க தான் இடிக்குது.

2018-ல் மத்திய அரசு 'அர்பித்'னு ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஆசிரியர்கள் ஸ்வயம் தளத்துல வீடியோ பாடம் படிச்சு, பரீட்சையில தேறினா பதவி உயர்வுக்குக் கணக்குல சேரும்னாங்க. நல்ல யோசனை தான், நிரந்தர வேலையில இருக்கிறவங்களுக்கு. மணிக்கணக்குல சம்பளம் வாங்குற கெஸ்ட் லெக்சரருக்கு ஏது பதவி உயர்வு?

எங்க ஆபீஸ்ல புது டூல் வந்தா, கத்துக்கறதுக்குன்னே நாள் ஒதுக்கி, அந்த நாளுக்கும் சம்பளம் போட்டு, சந்தேகம் கேக்க பக்கத்துல ஒரு ஆளையும் உக்கார வைப்பாங்க. வாத்தியாருக்கு? 2020 மார்ச்ல கல்லூரிகளை மூடினப்போ, சொந்த போன், சொந்த டேட்டாவுல, வீட்டுப் பசங்க கிட்ட கேட்டுக் கேட்டு ஜூமும் கூகுள் மீட்டும் கத்துக்கிட்டவங்க எத்தனையோ பேர். எந்த வொர்க்‌ஷாப்பும் இவ்வளவு வேகமா கத்துக்கொடுத்திருக்காது.

கல்லூரி திறந்ததும் அவங்கள்ல யாராச்சும் சாக்பீஸுக்கே திரும்பியிருந்தா, அதை சோம்பேறித்தனம்னு சொல்ல எனக்கு மனசு வரல. உருப்படியா ஒரு பாட வீடியோ எடுத்து, வெட்டி ஒட்ட ஒரு சாயங்காலமே போயிடும். அந்தச் சாயங்காலத்துக்கு யாரும் காசு குடுக்கறதில்ல. ஸ்மார்ட் போர்டுக்கு மட்டும் உடனே டெண்டர்! அந்தக் காசுல ஒரு பங்கை, பாடம் தயாரிக்கிற நேரத்துக்குக் கூலியா குடுங்கய்யா.

ஆசிரியரா இருக்கிற பதிவர்கள் வந்து உங்க கணக்கைச் சொல்லுங்க.