நால்வர் இல்லாத உலகு

தஞ்சை நாட்டில் 'நால்வர்' என்னும் சொல் செவிப்படின், தேவார மூவரும் மாணிக்கவாசகரும் நினைவிற்கு வருதல் இயல்பு. யாம் ஈண்டு எழுதப் புகுந்தது வேறு இரு நால்வரைப் பற்றியது. ஒரு நால்வர் இங்கிலாந்து தேயத்து லிவர்ப்பூல் நகரத்தார். மற்றை நால்வர் நம் தஞ்சை நகரத்தார். முன்னவர் இல்லாத உலகொன்றைக் கற்பித்துக் காட்டிய திரைப்படத்தைக் கண்டபோது, பின்னவரைப் பற்றி எண்ண நேர்ந்தது. எண்ணி நாணவும் நேர்ந்தது.

அப்படம் 2019ஆம் ஆண்டில் வெளிவந்த 'யெஸ்டர்டே' என்பது. ரிச்சர்டு கர்ட்டிஸ் எழுத, டானி பாயில் இயக்கினார். கதை சுருங்கக் கூறின் இதுவாம்: ஜாக் மாலிக் என்பான் இந்திய வழியில் வந்த ஆங்கில இளைஞன், பாடிப் பிழைக்க முயன்று தோல்வியே கண்டவன். ஓரிரவு உலகெங்கும் 12 நொடி விளக்குகள் அவிகின்றன. அவ்விருளில் பேருந்து மோதி வீழ்ந்தவன் கண்விழிக்குங்கால், ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகிய நால்வர் கூடிப் பாடிய பீட்டில்ஸ் குழுவை உலகம் அறியாது. பாட்டுக்கள் அவன் நெஞ்சில் மட்டும் உள. அவற்றைத் தன்னுடையனவாகப் பாடிப் பெரும்புகழ் எய்துகின்றான்.

ஞாயிறு மாலை வழிபாடு முடிந்தபின், விடுதியில் நண்பர் பலரும் ஒருங்கிருந்து இப்படத்தைக் கண்டோம். படம் முடிந்தும் வாதம் முடிந்திலது; உணவு மணி அடித்ததையும் பலர் கேட்டிலர். அன்று எழுந்த கருத்துக்களை மூன்றாக வகுக்கலாம்.

நல்ல பாட்டு எக்காலத்தும் எவர் வாயினும் வெல்லும் என்றனர் ஒரு சாரார். மற்றொரு சாரார் இதனை மறுத்தனர். பாட்டைப் பாடியவரினின்றும் பிரித்தல் ஆகாது. 1960களின் இளைஞர் உள்ளமும் லிவர்ப்பூல் தெருக்களும் அப்பாட்டுக்களில் கலந்துள்ளன. அன்றியும் அந்நால்வர் இலராயின் பின்வந்த இசை முழுதுமே மாறியிருக்குமன்றோ? படமோ ஓயாசிஸ் என்ற ஒரு குழுவை நீக்கிவிட்டு ஏனையவற்றை இருந்தவாறே விட்டது என்று குறைகூறினர். மூன்றாவது சாராருக்கு இசை ஒரு பொருட்டன்று. பிறர் பொருளைத் தன் பொருளென்று விற்றவனை நாயகன் எனலாமோ என்பதே அவர் வினா. 1980இல் கொலையுண்ட லெனன் 78 வயது முதியவராய்க் கடற்கரையில் அமைதியுற வாழ்வதாக ஒரு காட்சி வருகின்றது. அதனைக் கண்டு கண்ணீர் உகுத்தாரும் உளர்; இறந்தாரை இங்ஙனம் எழுப்புதல் முறையன்று என முகஞ்சுளித்தாரும் உளர்.

எம் கருத்து யாதெனின், முதற் சாரார் கூற்றை அப்படமே மறுக்கின்றது. ஜாக் தன் பெற்றோர் முன் பியானோவில் அமர்ந்து நால்வர் பாட்டுள் தலைசிறந்த ஒன்றைத் தொடங்குகின்றான். இடையே ஒருவர் வீட்டிற்கு வருகின்றார், பேச்சு குறுக்கிடுகின்றது. மீண்டும் தொடங்குகின்றான், மீண்டும் தடை. கண்டோர் அனைவரும் நகைத்த காட்சி அது. பாட்டு எத்துணைச் சிறந்ததாயினும், செவிகொடுப்பார் இல்வழி அது வீட்டுக்கூடத்தையும் வெல்லமாட்டாது. பிறிதொரு காட்சியில் அப்பாட்டுக்களை மறவாத வேறு இருவர் ஜாக்கைத் தேடி வருகின்றனர். காட்டிக்கொடுக்க வந்தனர் என அவன் அஞ்சுகின்றான். அவரோ, அப்பாட்டுக்கள் இல்லாத உலகம் வறிய உலகம், நீ அவற்றைக் காத்தாய் என நன்றி கூறுகின்றனர். தமக்கு நினைவிருந்தும் பாட வல்லரல்லர் அவர்.

வெண்ணாற்றங்கரையில் பிறந்த எமக்கு இதனை விளக்க வேறு நூல் வேண்டா. அறுவடை முடிந்ததும் பொறுக்கெடுத்த நெல்லை வைக்கோற்புரி சுற்றி விதைக்கோட்டையாகக் கட்டி வைப்பர் எம் முன்னோர். எத்துணைப் பேணி வைப்பினும் அந்நெல் உரிய காலத்தில் வயல் காணாதாயின் முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். கலையும் அத்தகையதே. ஆண்டுதோறும் ஒருவர் நெஞ்சினின்று மற்றொருவர் நெஞ்சில் விதைக்கப்படாத பாட்டு பதராய்ப் போம்.

இனி நம் நால்வரைக் காண்போம். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்போர் உடன்பிறந்தார். நட்டுவனார் சுப்பராயரின் மைந்தர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தே பிறந்து, முத்துசாமி தீட்சிதரிடம் இசை பயின்று, இரண்டாம் சரபோஜி மன்னர் அவையை அணிசெய்தனர். பின்னர்ச் சின்னையா மைசூர் அரண்மனை புகுந்தார்; வடிவேலு திருவாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அவையில் விளங்கினார். மேனாட்டு வயலினை நம் இசைக்கு இயைவித்தோருள் ஒருவராகிய வடிவேலுக்கு அம்மன்னர் தந்தத்தால் இயன்ற வயலினை 1834இல் பரிசளித்தார். லிவர்ப்பூல் நால்வருள் ஒருவராகிய ஹாரிசன் நம் நாட்டுச் சிதாரைப் பண்டித ரவிசங்கரிடம் பயின்றதை உலகறியும். அதற்கு நூறாண்டுக்கு மேல் முன்னரே வடிவேலு செய்ததை அறிவார் எத்துணையர்?

இன்று பரதநாட்டியம் ஆடுவோர் அலாரிப்பில் தொடங்கி, ஜதீஸ்வரம், சப்தம், வர்ணம், பதம் என வளர்ந்து, தில்லானாவில் முடிக்கின்றனர். இவ்வரிசையை ஒழுங்குபடுத்தி, அதற்கு வேண்டும் உருப்படிகள் பலவற்றை யாத்துத் தந்தோர் இந்நால்வரே. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இலண்டனிலும் நாள்தோறும் அவ்வரிசை ஆடப்படுகின்றது. ஜாக் கண்ட உலகில் ஆக்கியோரும் இலர், பாட்டும் இல்லை. நம் உலகிலோ ஆக்கம் மேடைதோறும் உண்டு. ஆக்கியோர் பெயரே இல்லை.

அவ்வாக்கமும் அழியும் நிலைக்கு வந்தது ஒரு காலம். அந்நாளில் சதிர் என வழங்கிய இக்கலை கோயில் மகளிர் வாழ்வோடு பிணைந்திருந்தது. 1890கள் முதல் சீர்திருத்தம் விழைந்த இந்துப் பெரியோரும் நம் மிஷனரிமாரும் அதனை எதிர்த்தனர். மகளிர் இழிநிலையினின்றும் மீளவேண்டும் என்ற அவர்தம் நோக்கம் அறநோக்கமே. பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947இல் சென்னை மாகாணம் சட்டத்தால் தடுத்ததும் நன்றே. ஆயினும், அம்மகளிர் கையிலிருந்த கலை என்னாம் என்பதை அன்று எண்ணியோர் சிலரே. மிஷன் கல்லூரி மாணவராகிய யாம் இதனை மறைத்தல் நேர்மையாகாது.

அவ்விருளில் அழியாமற் காத்தோர் யாவர்? ஊரார் பழித்தும் ஆட்டத்தைக் கைவிடாத இசை வேளாளர் குலத்து மகளிர். தஞ்சை அரண்மனைக் கலைமரபில் தோன்றிய பாலசரசுவதி (1918–1984) அவர்களுள் தலையாயவர். நால்வர் மரபினராகிய பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1869–1954) புதிய மாணாக்கரை ஏற்றுக் கற்பித்தார். அவரிடம் பயின்ற உருக்மிணி தேவி 1935இல் அடையாற்றில் மேடையேறினார். அடுத்த ஆண்டே கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். நால்வர் வழிவந்த கே. பி. கிட்டப்பா பிள்ளை அவர்தம் உருப்படிகளைத் தொகுத்து நூலாக்கினார். இவர் ஒவ்வொருவரும் விதைநெல் காத்தோர்.

இனி யாம் நாணிய செய்தியைக் கூறுவோம். விழா ஒன்றில் ஒரு மாணவி அழகுற வர்ணம் ஆடினாள். அறிமுகம் செய்தவர், இஃது ஈராயிரம் ஆண்டுத் தொன்மைத்து, முனிவர் அருளியது என்று முழங்கினார். அவ்வர்ணம் பொன்னையா இயற்றியது என்பதை எவரும் கூறிற்றிலர். முன்வரிசையில் இருந்த யாமும் கைகொட்டினோம். எமக்கும் அது தெரியாது. தமிழ் சிறப்பு வகுப்பில் பயில்வோம். தஞ்சைக்கு ஒருமணி நேரத்து வழியில் வாழ்வோம். லிவர்ப்பூல் நால்வரின் பெயரை முறைபிறழாது ஒப்பிப்போம். தஞ்சை நால்வரின் பெயரை அப்படத்தைக் கண்ட பின்னரே தேடிக் கற்றோம்.

படத்தின் இறுதியில் ஜாக், வெம்ப்ளி அரங்கில் திரண்ட மக்கள் முன் நின்று, இப்பாட்டுக்கள் என்னுடையன அல்ல என்று கூறி, ஆக்கியோர் நால்வர் பெயரையும் அறிவித்து, பாட்டுக்களை யாவர்க்கும் விலையின்றி வழங்கிவிடுகின்றான். மூன்றாஞ் சாராரும் அவனை மன்னித்தது அவ்விடத்தேதான். உலகம் அறியாத பெயர்களை உரக்கக் கூற அவன் துணிந்தான். ஏட்டிலும் நூலிலும் எழுதியுள்ள பெயர்களைக் கூறுதற்கு நமக்கு யாது தடை?

ஆகவே நம் கல்லூரிப் பேரவைக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். அடுத்த ஆண்டு விழாவில் ஒவ்வோர் உருப்படிக்கும் முன்னர், அதனை இயற்றியவர் யார், எந்நட்டுவனார் வழியில் அது வந்தது என்பதை இரண்டே வரிகளில் அறிவித்தல் வேண்டும். இதற்குப் பொருட்செலவு இல்லை; அரை நிமிடமே வேண்டும். பாடற்போட்டிக்கும் இவ்விதியே ஆகுக. அறிவிப்பாளர்க்கு அவ்வரிகளை எழுதித் தரும் பணியைத் தமிழ் மாணவராகிய யாங்கள் ஏற்றுக்கொள்கின்றோம்.