பண்ணைக் காற்றும் ஒரு மெல்லிய ஜக்கெட்டும்



யாழ்ப்பாணம் சோனகதெருவிலிருந்து ஒரு சகோதரி கேள்வியொன்று அனுப்பியிருக்கிறார். நீரிழிவு இருப்பதாக வைத்தியர் சொன்ன நாளிலிருந்து, சுப்ஹு தொழுதுவிட்டுப் பண்ணைப் பக்கம் நடக்கவும் நடுநடுவே மெதுவாக ஓடவும் தொடங்கினாராம். நான்கு மாதம் ஒரு நாளும் தவறவில்லை. சோளகக் காற்று எழுந்ததும் நிறுத்திவிட்டார். காற்று அபாயாவை முன்பக்கம் உடம்போடு ஒட்டவைக்கிறது, பின்பக்கம் பாய்மரம் போல ஊதிவிடுகிறது, முக்காட்டைப் பிடிக்கவே இரண்டு கையும் போதவில்லை என்கிறார். காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜக்கெட் வாங்கலாமா, வாங்குவதானால் எப்படிப்பட்டது என்பதே அவர் கேள்வி.

(தமிழகத்துச் சகோதரிகள் ஜாக்கெட் என்றதும் சேலைக்குப் போடும் ரவிக்கையை நினைத்துக் குழம்ப வேண்டாம். நீங்கள் ஜெர்கின் என்று சொல்வதன் மெல்லிய வகையைத்தான் சொல்கிறேன்.)

வாங்கலாம் சகோதரி. வெட்கப்பட்டு நடையை விட வேண்டியதில்லை. பயணமொன்றில் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் போட்டி வைத்ததையும், முதல் தடவை அன்னையவர்கள் முந்தியதையும், பின்னர் உடல் பருத்த காலத்தில் நபியவர்கள் முந்தியதையும் அபூதாவூதில் காண்கிறோம். நம் காலத்துக்கு வந்தால், பஹ்ரைன் நாட்டு ருகையா அல் கஸ்ரா 2006இல் தோஹாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் தலையையும் உடம்பையும் மூடிய உடையுடன் 200 மீற்றர் ஓடித் தங்கப் பதக்கம் பெற்றார். மூடிய உடுப்பு ஓட்டத்துக்குத் தடையில்லை. பொருத்தமில்லாத உடுப்புத்தான் தடை.

இனி நம் ஊர்க் காற்றைப் பார்ப்போம். குடாநாடு மலையோ மேடோ இல்லாத தட்டை நிலம். கடலிலிருந்து வரும் காற்றை மறிக்கப் பனைமரங்களைத் தவிர வேறொன்றுமில்லை. புத்தளத்தில் வளர்ந்து, பெற்றோரின் ஊருக்குத் திரும்பி வந்த பிள்ளைகள் அங்கும் காற்றைப் பார்த்தவர்கள்தான். ஆனாலும் இரண்டு பக்கமும் கடல்நீர் கிடக்கும் பண்ணைப் பாலத்து வீதியில் முதன்முதல் நடக்கும்போது அவர்களும் திகைத்துத்தான் போகிறார்கள்.

அந்த வீதி கோட்டையடியிலிருந்து தென்மேற்காகத் தீவுப் பக்கம் போகிறது. வைகாசியிலிருந்து புரட்டாசி வரை வீசும் சோளகமும் தென்மேற்கிலிருந்துதான் வருகிறது. ஆகவே போகும்போது காற்று முகத்தில், திரும்பும்போது முதுகில். உடம்பு வியர்த்த பின்னர் காற்று பின்னாலிருந்து தள்ளுவது நல்லது. மார்கழி, தை மாதங்களில் வீசும் வாடையோ வடகிழக்கிலிருந்து வருகிறது. அப்போது எல்லாம் தலைகீழ். போகும்போது காற்று தள்ளிவிடும், சுகமாகப் போய்விடுவீர்கள். வியர்வையில் நனைந்து திரும்பும்போது காற்று நேரே நெஞ்சில் அடிக்கும். வியர்வையை உலர்த்தும் காற்று உடம்பின் சூட்டையும் கொண்டு போகும். விடியற்காலை குளிரோடு அதுவும் சேர்ந்தால் நடுங்காமல் என்ன செய்யும்? ஜக்கெட் உண்மையில் தேவைப்படுவது அந்தத் திரும்பும் வழிக்குத்தான்.

இதிலிருந்தே இன்னொன்றும் விளங்கும். வாடைக்கு ஏற்ற ஜக்கெட் சோளகத்துக்கு ஏற்றதல்ல. சோளக மாதங்களில் விடியற்காலையிலும் புழுக்கம் இருக்கும். அப்போது காற்றை முழுதாகத் தடுக்கும் ஜக்கெட்டைப் போட்டு ஓடினால் உள்ளே ஆவியில் வேகுவது போலிருக்கும். அந்தக் காலத்துக்குக் கையில்லாத ஜக்கெட் போதும். தொடை வரை நீண்ட, முழுக்கை வைத்த, தளர்வான பருத்திச் சட்டைக்கு மேல் அதைப் போட்டால் முன்பக்கத் துணி உடம்போடு ஒட்டாது. கைகளுக்குக் காற்றும் கிடைக்கும். கேள்வி கேட்ட சகோதரிக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கடையில் அநேகமாக மழைக்குப் போடும் ஜக்கெட்டைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். உள்ளே றப்பர் போலப் பூச்சுப் பூசிய அது தண்ணீரை உள்ளே விடாது, வியர்வையை வெளியேயும் விடாது. மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் போடும் தடித்த ஜக்கெட்டும் நமக்கு வேண்டாம். நமக்கு வேண்டியது நெருக்கமாக நெய்த மெல்லிய நைலோன் அல்லது பொலியெஸ்டர், பூச்சில்லாதது. துணியை வாயோடு சேர்த்துப் பிடித்து ஊதிப் பாருங்கள். மூச்சு தாராளமாக மறுபக்கம் போனால் அது காற்றைத் தடுக்காது. கொஞ்சமும் போகாவிட்டால் வியர்த்துக் கொட்டும். சிரமப்பட்டுச் சிறிது போனால் அதுதான் நமக்கானது. நல்லதாயின் 100, 150 கிராமுக்கு மேல் நிறை இராது. சுருட்டினால் கைக்குள் அடங்கும். அக்குளிலும் முதுகிலும் வலைத்துணி வைத்துத் தைத்திருந்தால் இன்னும் நல்லது.

நம் சகோதரிகள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. மெல்லிய துணி வெளிச்சத்தில் உள்ளே காட்டிக் கொடுக்கும், அதிலும் வெள்ளையும் இளமஞ்சளும் நனைந்தால் கேட்கவே வேண்டாம். கடை வாசலுக்குக் கொண்டு வந்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கறுப்பு மறைக்கும்தான், ஆனால் இருட்டோடு வீதியில் இறங்கும் பெண்ணை வாகனக்காரர் காணமாட்டார்கள், வெயில் ஏறினால் சூடும் பிடிக்கும். கடுநீலமோ சாம்பலோ எடுத்து, வெளிச்சம் பட்டால் மினுங்கும் பட்டி முதுகில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அளவில் பலர் தவறுவார்கள். ஒட்டாமல் இருக்க வேண்டுமென்று இரண்டு அளவு பெரிதாக வாங்கினால் அதுவே காற்றுப் பிடித்து ஊதும். ஓர் அளவு பெரிது போதும். இடுப்புக்குக் கீழே இறங்க வேண்டும், அடியில் இழுத்துக் கட்டும் நாடா இருக்க வேண்டும், கை மணிக்கட்டில் இலாஸ்டிக் இருந்தால் காற்றுக்குக் கை மேலே ஏறாது. ஜக்கெட்டோடு வரும் தொப்பி காற்றைப் பிடித்துக் கழுத்தைப் பின்னே இழுக்கும், அது வேண்டாம். கழுத்தில் நிமிர்ந்து நிற்கும் கொலர் இருந்தால் முக்காட்டின் இரண்டு நுனியையும் உள்ளே விட்டுச் சிப்பை மூடலாம். ஊசி குத்தத் தேவையில்லை, கையும் ஓய்ந்திருக்கும். போட்டுப் பார்க்கும்போது இரண்டு கையையும் உயர்த்தி, ஓடுவது போல வீசிப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

சிப் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். உப்புக் காற்றில் இரும்புச் சிப் துருப்பிடித்து இறுகிவிடும். மூடக்கூடிய பை ஒன்றாவது வேண்டும். வீட்டுத் திறப்பு மட்டுமல்ல, நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் இரண்டு டொபியும் அதில் போட்டுக் கொள்ள வேண்டும். நடந்து கொண்டிருக்கும்போது சீனி குறைந்து தலை சுற்றினால் உடனே வாயில் போடலாம்.

விலை கூடிய வெளிநாட்டுப் பெயர்தான் வேண்டுமென்றில்லை. வெளிநாட்டார் ஓடும்போது போடும் உடுப்புகளில் எத்தனையோ நம் இலங்கைப் பெண்களின் கையால் தைக்கப்பட்டுப் போகின்றன. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியவை விற்கும் கடைகளில் பொறுமையாகத் தேடினால் நல்லது அகப்படும். தையலையும் சிப்பையும் பார்த்து எடுங்கள். கையில் காசில்லாவிட்டால், தையல் தெரிந்த சகோதரிகள் பழைய குடைத்துணியிலாவது கையில்லாத ஒன்றைத் தைத்துப் பார்க்கலாம். அக்குளை மட்டும் அகலமாக விடுங்கள்.

கழுவும்போது குளிர்ந்த தண்ணீரும் கொஞ்சம் சவர்க்காரத் தூளும் போதும். வாசனைக்காக ஊற்றும் மென்மையாக்கி வேண்டாம். நிழலில் காயப் போடுங்கள், சூடான இஸ்திரிப்பெட்டி பட்டால் நைலோன் உருகிவிடும். பண்ணையிலிருந்து வந்த அன்றே தண்ணீரில் அலசிவிட்டால் உப்பு தங்காது.

சப்பாத்தைப் பற்றியும் அந்தச் சகோதரி கேட்டிருக்கிறார். அது அடுத்த மாதம், இன்ஷா அல்லாஹ்.