மிம்பரும் சிம்மாசனமும்

ஈரான் நாட்டில் 1979ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11ஆம் நாள் பஹ்லவி மன்னராட்சி மண்ணைக் கவ்வியது. அன்றுதொட்டு அதைப் பற்றிப் பேசுவோரும் எழுதுவோரும் பலர். நாட்டை முன்னேற்றப் பாதையில் நடத்திச் சென்ற ஒரு மன்னரை, தலைப்பாகை அணிந்த முல்லாக்கள் மதவெறியைத் தூண்டிக் கவிழ்த்துவிட்டனர் என்பர் ஒரு சாரார். அது ஷீஆக்களின் வீட்டு விவகாரம். அதில் நமக்கென்ன படிப்பினை என்று முகத்தைத் திருப்பிக்கொள்வர் நம்மவருள் ஒரு சாரார். புரட்சியும் புனிதம், அதன்பின் நடந்த யாவும் புனிதம், குறை கூறுபவன் எதிரியின் கூலியாள் என்பர் மற்றொரு சாரார். இம்மூவர் கூற்றும் தவறு என்பதே நமது துணிபு. அந்தச் சிம்மாசனத்தை வீழ்த்தியது மதவெறியன்று. அரசனின் உப்பைத் தின்னாத ஆலிம்களின் நாவும், அந்த நாவை நம்பிய மக்களுமே அதனை வீழ்த்தினர். இதை விளங்கிக்கொண்டால் மூவருக்கும் விடை தானே கிடைத்துவிடும்.

புகையிலை புகட்டிய பாடம்

இக்கதை 1979இல் தொடங்கவில்லை. 1890ஆம் ஆண்டு, காஜார் வமிசத்து மன்னர் நாஸிருத்தீன் ஷா தம் நாட்டின் புகையிலை முழுவதையும் வாங்கவும் விற்கவும் ஏற்றுமதி செய்யவும் ஓர் ஆங்கிலேயருக்கு 50 ஆண்டு ஏகபோக உரிமை எழுதிக் கொடுத்தார். மன்னருக்குக் கிடைக்கவிருந்தது ஆண்டுக்கு 15,000 பவுனும் இலாபத்தில் கால் பங்கும். உழுதவனும் விற்றவனும் புகைத்தவனும் ஈரானியன். விலை குறிப்பவன் அந்நியன்! வணிகர்கள் முறையிட்டனர், மன்னர் செவிசாய்க்கவில்லை. நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட ஜமாலுத்தீன் ஆப்கானி, ஸாமர்ராவில் வாழ்ந்த மீர்ஸா ஹஸன் ஷீராஸி அவர்களுக்கு உருக்கமான மடல் ஒன்று வரைந்தார்.

1891 டிசம்பரில் ஷீராஸியின் பெயரால் ஒரு ஃபத்வா வெளிப்பட்டது. புகையிலையை எவ்வகையில் பயன்படுத்துவதும் விலக்கப்பட்டது என்பதே அதன் சாரம். அவ்வளவுதான்! கடைகள் அடைக்கப்பட்டன, ஹுக்காக்கள் உடைக்கப்பட்டன, அரண்மனை அந்தப்புரத்துப் பெண்டிரும் புகைக்க மறுத்துவிட்டனர். மன்னரின் ஆணை மன்னரின் வீட்டிலேயே செல்லவில்லை. 1892 ஜனவரியில் ஒப்பந்தம் ரத்தாயிற்று. அதற்கு நஷ்டஈடாக ஐந்து லட்சம் பவுன் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கும் மன்னர் அந்நிய வங்கியிடமே கடன் வாங்கினார் என்பது வேறு கதை.

ஒரு துண்டுக் காகிதத்திற்கு இத்துணை வலிமை எங்கிருந்து வந்தது? ஷீராஸியிடம் படை இல்லை, பதவி இல்லை. அவர் மன்னரின் எல்லைக்கு வெளியே, உஸ்மானிய ஆட்சியிலிருந்த இராக்கில் வாழ்ந்தார். ஷீஆ மரபில் மக்கள் தம் வருவாயின் மிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்காகிய ‘குமுஸை’த் தாம் பின்பற்றும் முஜ்தஹிதிடம் நேரில் ஒப்படைக்கின்றனர். அதனால் மத்ரஸாவின் அடுப்பு மன்னரின் கஜானாவை நம்பி எரியவில்லை. கடைவீதி வணிகனின் காசில் எரிந்தது. உண்ட இடத்திற்கு நன்றி பாராட்டுவது மனித இயல்பு. அந்த ஆலிம்கள் மக்களிடம் உண்டனர்; மக்களுக்காகப் பேசினர்.

பறிக்கப்பட்ட எண்ணெய்

புகையிலை போயிற்று, அடுத்து எண்ணெய் வந்தது. 1901இல் டார்சி என்பாருக்கு 60 ஆண்டு உரிமை வழங்கப்பட்டது. 1908இல் மஸ்ஜிதெ சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. 1914இல் அக்கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கை ஆங்கில அரசே வாங்கிக்கொண்டது. இதற்கிடையே 1907இல் ரஷ்யாவும் பிரிட்டனும் ஈரானை வடக்கு, தெற்கு என்று தம் செல்வாக்கு வட்டங்களாகப் பங்கிட்டுக்கொண்டன. வீட்டுக்காரனைக் கேளாமலே வீட்டைப் பாகம் பிரித்த கதை இது!

1951இல் டாக்டர் முஸத்திக் எண்ணெயை நாட்டுடைமையாக்கினார். அவர் மதகுருவல்லர், சட்டம் பயின்றவர், நாடாளுமன்றத்தின் வழி ஆட்சிக்கு வந்தவர். 1953 ஆகஸ்டு 19ஆம் நாள் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத் துறைகளின் சதியால் அவர் கவிழ்க்கப்பட்டார். இதனைக் கட்டுக்கதை என்று நெடுங்காலம் பலர் மறுத்து வந்தனர். 2013இல் வெளியான அமெரிக்க உளவுத் துறையின் ஆவணங்களே அதை ஒப்புக்கொண்டுவிட்டன. 1954இல் அமைந்த கூட்டமைப்பில் பிரிட்டிஷ் கம்பெனிக்கு நூற்றுக்கு 40, அமெரிக்கக் கம்பெனிகளுக்கு 40, எஞ்சியது மற்ற ஐரோப்பியக் கம்பெனிகளுக்கு என்று பங்கு பிரிந்தது. 1957இல் ‘ஸாவாக்’ என்னும் இரகசியப் போலீஸ் தோன்றியது; அதன் சித்திரவதைக் கூடங்களின் பெயரைக் கேட்டாலே மக்கள் நடுங்கினர்.

மதவெறி என்று கூறுவோரை நாம் கேட்கிறோம்: மதத்தைக் கையில் எடுக்காமல், சட்டத்தையும் வாக்குப்பெட்டியையும் நம்பி விடுதலை தேடிய முஸத்திக்கை வாழவிட்டீர்களா? அந்த வாசலை அடைத்தது யார்? அடைத்தபின், மக்கள் பள்ளிவாசலின் வாசல் வழியாக வந்தார்கள் என்று முறையிடுவது எந்த நியாயம்?

நாடு கடத்தப்பட்டது எதற்காக?

நிலச் சீர்திருத்தத்தால் வக்ஃபு நிலங்களை இழந்த ஆத்திரமே ஆலிம்களை எதிர்ப்பில் இறக்கிற்று என்பது அடிக்கடி கூறப்படும் மற்றொரு குற்றச்சாட்டு. 1962, 1963ஆம் ஆண்டுகளில் நில விநியோகத்தையும் பெண்களின் வாக்குரிமையையும் எதிர்த்த ஆலிம்கள் இருந்தது உண்மையே. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆயத்துல்லாஹ் கொமெய்னி நாடு கடத்தப்பட்டது அதற்காகவா? அல்ல.

1964 அக்டோபரில் ஈரானிய மஜ்லிஸ் ஒரு சட்டம் நிறைவேற்றியது. ஈரானில் பணியாற்றும் அமெரிக்க இராணுவத்தார் எக்குற்றம் புரிந்தாலும் ஈரானிய நீதிமன்றம் அவர்களை விசாரிக்க இயலாது என்பது அதன் பொருள். ஆதரவு 70, எதிர்ப்பு 62. சில நாட்களில் 20 கோடி டாலர் கடனுக்கு அதே மஜ்லிஸ் ஒப்புதல் தந்தது. இத்தகைய அந்நியச் சலுகைகளை 1928இல் ஒழித்தவர் வேறு யாருமல்லர். இம்மன்னரின் தந்தை ரிஸா ஷாவே! தந்தை அறுத்த தளையை மகன் தன் மக்களின் காலில் மீண்டும் பூட்டினார்.

கும்மு நகரில் கொமெய்னி அதைக் கண்டித்துப் பேசினார். அமெரிக்கரின் நாயை ஏற்றிக் கொன்றால் ஈரானியனுக்கு விசாரணை உண்டு. அமெரிக்கச் சமையற்காரன் நாட்டின் தலைமை ஆலிமை ஏற்றிக் கொன்றாலும் கேட்பாரில்லை என்பது அவர் வாதத்தின் கருத்து. நிலத்தைப் பற்றியதன்று அப்பேச்சு, மானத்தைப் பற்றியது. 1964 நவம்பர் 4ஆம் நாள் அவர் துருக்கிக்கு நாடு கடத்தப்பட்டார். அடுத்த ஆண்டு நஜஃபு சென்றார். பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் தாய்மண்ணை அவர் காணவில்லை.

பூட்ட முடியாத இல்லம்

மன்னரின் செருக்கு வளர்ந்துகொண்டே போயிற்று. 1971இல் பெர்ஸெபொலிஸ் இடிபாடுகளினிடையே 2,500 ஆண்டு மன்னராட்சி விழா எடுத்து, உலகத் தலைவர்களுக்குப் பாரிஸிலிருந்து விருந்து வரவழைத்தார். 1975இல் கட்சிகளை எல்லாம் கலைத்துத் தம் ஒரே கட்சியை மட்டும் வைத்துக்கொண்டார். 1976இல் ஹிஜ்ரத்தை முதலாகக் கொண்ட ஆண்டுக் கணக்கையே மாற்றினார். 1355ஆக இருந்த ஆண்டு, சைரஸ் மன்னனின் கணக்கில் 2535 ஆயிற்று! நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ஹிஜ்ரத்தைக் காலத்திலிருந்து அகற்ற முயன்றவரின் காலமே விரைவில் முடிந்தது.

கட்சி இல்லை, சுதந்திரமான பத்திரிகை இல்லை. மக்கள் கூடிப் பேச எஞ்சியிருந்த இடம் எது? பள்ளிவாசல் ஒன்றே. 1978 ஜனவரி 7ஆம் நாள் நாளேடொன்று கொமெய்னியை இழித்து எழுதியது. 9ஆம் நாள் கும்மில் மாணவர்கள் ஊர்வலம் சென்றனர், துப்பாக்கி வெடித்தது. மாண்டோருக்கு நாற்பதாம் நாள் துக்கம் பிப்ரவரி 18இல் தப்ரீஸில். அங்கும் உயிர்கள் பலியாயின. அவர்களுக்கு நாற்பதாம் நாள் மார்ச்சு இறுதியில் யஸ்தில். ஒரு ஜனாஸா அடுத்த ஊர்வலத்தை ஈன்றது. துக்கம் கொண்டாடாதே என்று எந்தப் போலீசால் ஆணையிட முடியும்? பாரிஸுக்கு அருகிலிருந்த ஒரு சிற்றூரிலிருந்து கொமெய்னியின் பேச்சுக்கள் ஒலிநாடாக்களில் வந்து பள்ளிதோறும் ஒலித்தன. அன்று ஃபத்வாவைத் தந்தி சுமந்தது. இன்று உரையை ஒலிநாடா சுமந்தது.

செப்டம்பர் 8ஆம் நாள் வெள்ளிக்கிழமை, தெஹ்ரானின் ஜாலா சதுக்கத்தில் இராணுவம் மக்களைச் சுட்டது. அதற்குப் பின் மக்களுக்கும் மன்னருக்கும் இடையே சமரசத்திற்கு இடமில்லாமற் போயிற்று. எண்ணெய்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். நாளொன்றுக்கு ஐம்பது லட்சம் பீப்பாய்க்கு மேல் எடுத்த நாட்டில் குழாய்கள் வறண்டன. டிசம்பரில் முஹர்ரம் ஒன்பதாம், பத்தாம் நாட்களில் ஆணும் பெண்ணுமாக லட்சக்கணக்கானோர் ஆயுதமின்றி வீதிக்கு வந்தனர். எண்ணெய்த் தொழிலாளியும் கடைக்காரனும் கல்லூரி மாணவியும் எந்த வக்ஃபு நிலத்தை இழந்தார்கள்? வெப்பவியல் பேராசிரியர் பாஸர்கான் எந்த மத்ரஸாவின் முல்லா? 1979 ஜனவரி 16ஆம் நாள் மன்னர் விமானமேறினார். பிப்ரவரி முதல் நாள் கொமெய்னி திரும்பினார். பத்தே நாட்களில் எல்லாம் முடிந்தது. 1964ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாண்டே ரத்தாயிற்று. ஈரான் சென்டோ இராணுவக் கூட்டிலிருந்து விலகியது. அந்நிய ஆலோசகர்கள் மூட்டை கட்டினர்.

ஷீஆக்களுக்கு மட்டும் உரியதா?

முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நம்மவருக்கு ஒரு சொல். கொள்கை வேறுபாடுகள் உள்ளன. அவற்றை நாம் மறுக்கவுமில்லை, மழுப்பவுமில்லை. ஆனால் அரசனின் முன் தலைவணங்காமை ஷீஆக்களின் தனிச் சொத்தா? கலீஃபா மன்ஸூர் அளித்த காழிப் பதவியை ஏற்க மறுத்து, ஹிஜ்ரி 150இல் பக்தாதில் சிறைத் துன்பத்தோடு உயிர்நீத்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் யார்? குர்ஆன் படைக்கப்பட்டது என்று சொல்ல மறுத்துச் சவுக்கடி பட்ட இமாம் அஹ்மது இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் யார்? லிபியாவில் இத்தாலியரை எதிர்த்து நின்று, 1931 செப்டம்பர் 16ஆம் நாள் தூக்கு மேடை ஏறிய உமர் முக்தார், குர்ஆன் கற்பித்த ஓர் ஆசிரியரல்லரா? கொடுங்கோல் மன்னன் முன் சத்தியத்தை எடுத்துரைப்பது ஜிஹாதில் சிறந்தது என்ற நபிமொழியை நாம் நம் மத்ரஸாக்களில் ஓதுகிறோமே, அது ஓதுவதற்கு மட்டுந்தானா?

நம்மிடம் குறைந்தது மார்க்கமன்று, ஆலிமின் தன்னிறைவு. 1961இல் எகிப்தின் அல்அஸ்ஹரை அரசு தன் கைக்குள் கொண்டுவந்தது. அரசாங்கச் சம்பளத்தில் ஓதப்படும் குத்பாவில் அரசாங்கத்தின் அநீதி எவ்வாறு இடம்பெறும்? ஈரானிய ஆலிம்களிடம் நாம் கற்க வேண்டியது அவர்தம் மத்ஹபை அன்று, அந்தத் தன்னிறைவையே.

ஒரே தராசு

இனி மூன்றாம் சாராருக்கு. மிம்பர் சிம்மாசனத்தை வீழ்த்தியது, நன்று. பின்னர் அந்தச் சிம்மாசனத்தில் மிம்பரே ஏறி அமர்ந்தது. அப்போது அதன் முன் சத்தியம் பேசுவது யார்?

1988ஆம் ஆண்டுக் கோடையில், ஏற்கெனவே தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த ஆயிரக்கணக்கான அரசியல் கைதிகள் தூக்கிலிடப்பட்டனர். அதை எதிர்த்துக் கடிதம் எழுதியவர் ஆயத்துல்லாஹ் முன்தஸரி. அவர் அந்நியரின் கூலியல்லர். மன்னரின் சிறையில் வாடியவர். கொமெய்னிக்குப் பின் தலைமை ஏற்கத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தவர். வாய்மூடி இருந்திருந்தால் நாட்டின் தலைமை அவரைத் தேடி வந்திருக்கும். அவர் பேசினார், 1989இல் அத்தகுதியை இழந்தார், 1997 முதல் 2003 வரை வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். தூக்கிலிடுவதற்குப் பொறுப்பாக இருந்தோரின் முகத்துக்கு நேரே அவர் கண்டித்த ஒலிப்பதிவு 2016இல் வெளிவந்தது. அப்போது அவர் மறைந்து ஏழாண்டுகள் ஆகவிருந்தன. அந்தச் சபையில் ஷீராஸியின் மரபைக் காத்தவர் முன்தஸரி ஒருவரே என்று நாம் தயங்காது கூறுவோம்.

1936இல் ரிஸா ஷா போலீசைக் கொண்டு பெண்களின் முக்காட்டைப் பறித்தார், அது ஸுல்மு. 2022 செப்டம்பரில் முக்காடு சரியில்லை என்று பிடித்துச் செல்லப்பட்ட மஹ்ஸா அமீனி என்னும் 22 வயது நங்கை காவலில் இருக்கையில் நினைவிழந்து மாண்டாள். வீதிக்கு வந்தோர் சுடப்பட்டனர். பறிப்பதற்குப் போலீசு கூடாது என்றால், போர்த்துவதற்கு மட்டும் எவ்வாறு கூடும்? மார்க்கத்தில் நிர்ப்பந்தமில்லை என்னும் இறைவாக்கு மன்னருக்கு மட்டும் அருளப்பட்டதா? முக்காடு இறைவனுக்கு அடிபணிதல். தடிக்கு அஞ்சிப் போர்த்துவது அடிபணிதலாகாது.

இவ்வாறு எழுதுவது எதிரிக்குத் துணைபோவதாகாதா என்று சிலர் வினவலாம். ஆகாது. ஈரானின் எண்ணெய்க்கு ஆசைப்பட்டோர், முஸத்திக்கைக் கவிழ்த்தோர், எட்டாண்டுப் போரில் சத்தாம் ஹுஸைனுக்குக் கைகொடுத்தோர் இன்று மனித உரிமை பேசுவதை நாம் நம்பவில்லை. அவர்கள் தராசில் இரண்டு படிக்கற்கள் உண்டு. அதற்காக நமது தராசிலும் இரண்டு படிக்கற்கள் வைத்துக்கொள்வதா? அளவில் மோசம் செய்வோருக்குக் கேடு உண்டென்று குர்ஆன் எச்சரிக்கிறது. அது அரிசிக்கும் பருப்புக்கும் மட்டும் உரிய எச்சரிக்கையன்று.

ஆகவே, நம் பிள்ளைகளுக்கு ஈரானியப் புரட்சியைப் பற்றிக் கூறும்போது முழுமையாகக் கூறுவோம். நிராயுதபாணியான ஒரு சமுதாயம் இறைவனை மட்டும் அஞ்சி நின்றபோது, வல்லரசுகளின் துணைபெற்ற ஒரு மன்னர் ஓடிப்போனார் என்று பெருமையோடு கூறுவோம். ஃபிர்அவ்னின் முடி வீழ்ந்தபின், அதே முடியை வேறொருவர் சூடிக்கொள்ளாமல் காப்பதும் மூஸா (அலை) அவர்களின் வழி நடப்போரின் கடமை என்பதையும் சேர்த்தே கூறுவோம்.

அரசன் எத்தலைப்பாகை அணிந்திருப்பினும் அவன் முன் உண்மை பேசும் நாவையும், அந்நாவைப் பசியால் விலைபோக விடாத சமுதாயத்தையும் வல்ல அல்லாஹ் நமக்கு என்றென்றும் அருள்வானாக! ஆமீன்.