எழுத்தின் இடத்தில் படம்

எழுதும் திரைக்குள்ளேயே படமும் தெரியவேண்டும் என்பது பேராசையல்ல. சிற்பத்தைப் பற்றி எழுதுகிறவர் ஒளிப்படத்துக்கும் வாக்கியத்துக்குமாகத் தாவிக்கொண்டே இருந்தால் இரண்டும் ஒட்டாது. ஆனால் உரைக்குள் படத்தை எப்படி அமர்த்துவது என்பதில் நமக்குப் பிடிவாதமான ஒரு கருத்து உண்டு. துணைக்கு அழைப்பது ஈமாக்ஸை.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1984இல் எழுதத் தொடங்கிய க்னூ ஈமாக்ஸ், லிஸ்ப் மொழியைக்கொண்டு பயனரே விரும்பியபடி மாற்றிக்கொள்ளத்தக்க உரைத்தொகுப்பி. நெடுங்காலம் அதில் எழுத்து மட்டுமே. (கிளைபிரிந்துபோன எக்ஸ்ஈமாக்ஸ் இதில் முந்திக்கொண்டது.) 2001இல் வெளியான 21ஆம் பதிப்பில்தான் படம் வந்தது. வந்த விதம்தான் கவனத்துக்குரியது. படம் கோப்புக்குள் நுழைவதேயில்லை. 'இந்த எழுத்துகளுக்குப் பதில் இப்படத்தைக் காட்டு' என்று திரைக்கு ஒரு குறிப்பு தரப்படுகிறது, அவ்வளவே. கார்ஸ்டன் டொமினிக் 2003இல் தொடங்கிய ஆர்க் பயன்முறையில், படம் இருக்கும் பாதையை இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதுகிறோம். கட்டளையிட்டால் அவ்வரி மறைந்து படம் தோன்றும். மீண்டும் இட்டால் வரி திரும்பும். கோப்பில் இருப்பது எப்போதும் வரிதான்.

தொல்லைகளும் உண்டு. படம் முழுவதும் ஓர் எழுத்தைப் போலவே நடத்தப்படுவதால், உயரமான படத்தைக் கடக்கும்போது திரை துள்ளும். 2023இல் வந்த 29ஆம் பதிப்பின் நுண்ணிய உருட்டல் வசதி சற்றே ஆறுதல். வெளி நிரலின் உதவியின்றிப் படத்தைச் சிறிதாக்க 2020வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே 27ஆம் பதிப்பில் ஹார்ஃப்பஸ் வழியாக எழுத்துருக்களைக் கோக்கும் ஏற்பாடும் வந்ததில், தமிழில் எழுதும் நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

படக்கோப்பை இடம் மாற்றினால் கட்டுரையில் படம் காணாமல் போகுமே, சொற்செயலி அதை உள்ளேயே பத்திரமாக வைக்கிறதே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆயினும் குறிப்பிட்ட எழுத்துருவை நம்பித் தட்டிய தமிழ், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாய்த் தெரிந்ததைக் கண்ட தலைமுறை நம்முடையது. ஒரே மென்பொருள் மட்டும் திறக்கக்கூடிய பெட்டிக்குள் மறுபடியும் எழுத்தை வைத்துப் பூட்ட மனம் ஒப்பவில்லை. படம் தொலைந்தாலும் கட்டுரை எந்தக் கணினியிலும் திறக்கும், படம் இருந்த இடத்தில் அதன் பெயர் நிற்கும்.

அந்தப் பெயரில்தான் நாம் அசட்டையாக இருக்கிறோம். கேமரா கொடுத்த எண்ணை அப்படியே விட்டுவிடாமல் 'தாராசுரம்-தேர்ச்சக்கரம்' என்று வைத்தால், படமே காட்டவியலாத வெறும் முனையத்தில் திறப்பவரும் அங்கே என்ன இருந்தது என்று அறிவார்.