தீர்ப்பு கசந்தால் மேல்முறையீடு செய்யுங்கள்

திருவண்ணாமலை ராஜகோபுரத்தின் எதிரே அறநிலையத் துறை எழுப்ப முனைந்த வணிக வளாகத்தை 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் தடுத்தது. கோபுர தரிசனம் மறையும் என்று முறையிட்ட பக்தர்களுக்கு அது நியாயமான வெற்றி. வேறொரு வழக்கில் தீர்ப்பு கசந்தால் மட்டும் அதே நீதிமன்றம் எப்படி ‘இந்து விரோதி’ ஆகிறது?

2025 செப்டம்பரில், கஜுராஹோவில் சிதைந்த விஷ்ணு சிலையைச் சீரமைக்கக் கோரிய மனுவைத் தள்ளுபடி செய்த அப்போதைய உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய், தெய்வத்திடமே கேளுங்கள் என்ற பொருள்படப் பேசினார். பக்தர் மனம் நோகும் பேச்சு. அவர் அதைத் தவிர்த்திருக்க வேண்டும். எல்லா மதங்களையும் மதிப்பதாகப் பிறகு விளக்கமும் தந்தார். ஆனாலும் அக்டோபர் 6 அன்று நீதிமன்ற அறையிலேயே ஒரு வழக்கறிஞர் அவர்மீது காலணி வீச முயன்றார். அதைப் பாராட்டவும் ஆட்கள் இருந்தார்கள் என்பதுதான் பெருங்கொடுமை.

சபரிமலையில் எல்லா வயதுப் பெண்களையும் அனுமதித்த 2018 தீர்ப்புக்குப் பின், நடைமுறைப்படுத்த முடிகிற உத்தரவுகளையே நீதிமன்றங்கள் தர வேண்டும் என்று கண்ணூரில் பேசினார் அன்றைய பாஜக தலைவர் அமித் ஷா. ஆளுங்கட்சித் தலைவர் சொல்லக் கூடாத சொல் அது. பக்தர்கள் தரப்பின் வலுவான வாதம் மேடையில் பிறக்கவில்லை; ஐவர் அமர்வில் மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதி இந்து மல்கோத்ராவின் பேனாவில் பிறந்தது. மறுஆய்வு மனுக்களால்தான் அந்தக் கேள்வி 2019இல் பெரிய அமர்வுக்குப் போனது.

கசப்பிலும் சட்ட வழியில் நிற்க முடியும் என்பதற்கு நம் ஊரே சாட்சி. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்ற 2006 அரசாணையை எதிர்த்து ஆதி சைவ சிவாச்சாரியார்கள் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். திருவண்ணாமலை உள்ளிட்ட அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகளில் படித்து முடித்த இளைஞர்கள் வேலையின்றிக் காத்திருந்தார்கள். 2015 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 2021 ஆகஸ்ட் 14இல் அவர்களில் சிலருக்குப் பணி ஆணை கிடைத்தது. அந்தக் காத்திருப்பு கொடியது. இருந்தும் இரு தரப்பும் சட்டத்தின் வாசலில்தான் நின்றன.

அமெரிக்காவில் பள்ளிப் பிரார்த்தனை, கருக்கலைப்புத் தீர்ப்புகளால் கொதித்த கிறிஸ்தவப் பழமைவாதிகள், தங்களுக்கு உகந்த நீதிபதிகளை அமர்த்துவதையே அரை நூற்றாண்டு அரசியலாக்கினார்கள். 2022இல் கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பு கவிழ்ந்தது. இன்று அங்கே நீதிபதி நியமனம் ஒவ்வொன்றும் கட்சிச் சண்டை. அந்த நோய் இங்கே வேண்டாம்.

மதவாதிகளுக்கு மட்டும் இதைச் சொன்னால் நேர்மையாகாது. திருப்பரங்குன்றம் தீபத்தூணில் விளக்கேற்ற 2025 டிசம்பரில் உத்தரவிட்டார் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன். அதை எதிர்த்து மேல்முறையீடு செய்வது அரசின் உரிமை. ஆனால் திமுக முன்னின்று, நூற்றுக்கும் மேற்பட்ட எம்.பி.க்கள் பதவி நீக்க நோட்டீஸ் கொடுத்தது தவறு. அவருடைய தீர்ப்புகளில் நமக்கு உடன்பாடில்லை என்பது நோட்டீசுக்குக் காரணமாகாது.

காலணி வீச்சைப் பாராட்டியவர்களை மதத் தலைவர்கள் பெயர் சொல்லிக் கண்டிக்க வேண்டும். எம்.பி.க்கள் தங்கள் கையெழுத்தைத் திரும்பப் பெற வேண்டும்.