மருந்து இலவசம்தான்... ஆனா ஒரு நாள் கூலி போகுதே! சோழவரம் தொழிலாளர்களுக்கு என்ன சிக்கல்?

திருவள்ளூர் மாவட்டம் சோழவரம் பகுதியில் வயல்வேலை, செங்கல் சூளைனு தினக்கூலியை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பிபி மாத்திரைகள் இலவசம்தான். ஆனால், காலையில் அங்கே வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு.

அரசு என்ன செய்தது?

2021 ஆகஸ்ட் 5-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிறார்கள். 2024-ல் தொழிற்சாலைகளிலும் பரிசோதனை தொடங்கியது.

எங்கே இடிக்குது?

பகலில் வீடு தேடி வந்தால், கூலித் தொழிலாளி வயலில் இருப்பார். கம்பெனிக்குள் நடக்கும் பரிசோதனையும் அவருக்குக் கிடைக்காது. ஒடிசாவிலிருந்து சூளைக்கு வருபவர்களோ, சீசன் முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். மாத்திரை பாதியில் நின்றால் பக்கவாதம், சிறுநீரகப் பாதிப்பு வரை போகலாம். மாலை நேர ஓ.பி.யும், வயலிலும் சூளையிலும் பரிசோதனையும் இருந்தால்தான் இலவசம் நிஜமாகவே இலவசமாகும்.